எண்ணெய்ப் பிசுக்கும் வடிகால் துளையும்: ஒரு சமையலறைப் பாடம்

நம் சங்க இதழில் இலக்கியம் பற்றியும் வரலாறு பற்றியும் அறிந்தவர்கள் பலர் எழுதுகிறார்கள். அவற்றை விரும்பிப் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் எழுத்தாளன் அல்லன். லம்பா லைனில், விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில், இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிற்றுண்டிக் கடை நடத்திவருபவன். காலையில் தோசை, மாலையில் பரோட்டா, இரவில் முட்டையும் மீன் வறுவலும். இதுதான் என் தொழில். "உமக்குத் தெரிந்ததை நாலு பேருக்குப் பயன்படும்படி எழுதிக் கொடும்" என்று சங்க நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிதான். ஆகவே அடுப்படியிலிருந்து ஒரு பாடத்தை எழுதுகிறேன்.

பாடத்தின் பொருள் மிகச் சிறியது. தோசைக்கல்லின் ஓரத்தில் இருக்கும் ஒரு துளை. விரல் நுழையும் அளவுதான் இருக்கும். அந்தத் துளையை நான் அலட்சியம் செய்ததால் என் தங்கை மகனின் கை வெந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

நடந்தது என்ன?

2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கடையில் நல்ல கூட்டம். என் தங்கை மகன் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தொழில் கற்றுக்கொள்ள வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்தவன். வயது பத்தொன்பது. வெள்ளிக்கிழமை இரவே அவன் என்னிடம் சொன்னான்:

"மாமா, கல்லு ஓரத்துல எண்ணெ தேங்கி நிக்குது. ஓட்டை அடைச்சிருச்சு போல."

"நாளைக்குப் பாத்துக்கலாம்டா. இப்ப நேரமாச்சு" என்றேன்.

சனிக்கிழமையும் அதையே சொன்னேன். ஞாயிறன்று வாய்க்கால் நிரம்பி, எண்ணெய் கல்லின் முன் விளிம்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. கீழே பர்னர் எரிந்துகொண்டிருந்தது. வழிந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. பர்னருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தட்டில் மூன்று நாள் கசடு அப்படியே கிடந்தது. அதுவும் பிடித்துக்கொண்டது. பயந்துபோன பையன் எரியும் தட்டை வெளியே இழுத்தான். தட்டு சாய்ந்து, எண்ணெய் அவன் வலது முன்கையில் கொட்டியது.

பாத்திரம் துலக்கும் பையன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். அவனைக் கத்தித் தடுத்தேன். அன்றிரவு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சிலிண்டரை மூடிவிட்டு, சோற்று அண்டாவின் மூடியை எடுத்துத் தட்டின்மேல் கவிழ்த்தேன். தீ அடங்கியது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்தில் புண் ஆறியது. தழும்பு இன்னும் இருக்கிறது. ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது தங்கை என்னைத் திட்டவில்லை. "அடுப்படின்னா தீ இருக்கத்தான்ணே செய்யும்" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இந்தத் துளை ஏன் அடைக்கிறது, எப்படி அடைக்காமல் பார்த்துக்கொள்வது என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இனி பாடம்.

1. கல்லின் அமைப்பு

கடைகளில் உள்ள பெரிய தோசைக்கல் ஒரு தடித்த இரும்புத் தகடு. அது முன்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். முன் விளிம்பில் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் ஒரு முனையில் துளை. துளையின் கீழே ஒரு சிறு குழாய், அதன் கீழே இழுத்து எடுக்கக்கூடிய எண்ணெய்த் தட்டு. மிஞ்சிய எண்ணெய் கல்லிலிருந்து வாய்க்காலுக்கும், அங்கிருந்து துளை வழியாகத் தட்டுக்கும் போக வேண்டும். இந்தப் பயணத்தின் தூரம் மொத்தம் மூன்றடிகூட இராது. இந்த மூன்றடிக்குள் எண்ணெயைப் பிடித்துவிட்டால் அது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தவறவிட்டால் ஒன்று நெருப்புக்குப் போகும், அல்லது சாக்கடைக்குப் போகும். இந்தப் பாடம் முழுவதையும் இவ்வளவில் சொல்லிவிடலாம்.

வீட்டில் இந்தக் கல் இல்லையே என்று சகோதரிகள் நினைக்க வேண்டாம். இப்போது பல வீடுகளில் மின்சாரக் கிரில், சாண்ட்விச் கிரில், கோழியும் மீனும் சுடும் வரிக்கல் ஆகியவை வந்துவிட்டன. அவற்றிலும் ஓரத்தில் ஒரு பள்ளமும், ஒரு சிறு துளையும், கீழே ஒரு தட்டும் உண்டு. அளவுதான் சிறியது, வேலை ஒன்றே.

2. துளை ஏன் அடைக்கிறது?

டில்லியில் இருக்கும் என் உறவினர் வீட்டில் மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவதே காரணம். நம் தீவில் குளிர்காலம் என்று ஒன்று பெயருக்குத்தான். எண்ணெய் பாட்டிலில் உறைந்து நாம் பார்ப்பது அபூர்வம். ஆகவே குழாயிலும் உறையாது, அடைப்பு வராது என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அது தவறு. எண்ணெய் உறையாத ஊரிலும் துளை அடைக்க மூன்று காரணங்கள் உண்டு.

முதற் காரணம், எண்ணெய் பிசினாக மாறுவது. மெல்லிய படலமாகப் பரவிய எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் பட்டுக்கொண்டே இருந்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. முதலில் ஒட்டும் மஞ்சள் பிசுக்காகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் கறுப்பு வார்னிஷ் போலவும் ஆகிவிடும். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குகிறோமே, அதுவும் இதே மாற்றம்தான். கல்லின் முகத்தில் இது நமக்கு நன்மை செய்கிறது, தோசை ஒட்டாமல் வருகிறது. துளைக்குள் இதுவே தீமையாகிறது. நாளொரு படலமாகத் துளை குறுகிக்கொண்டே போகும்.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் பிசினாவதில்லை. இதை அளக்க வேதியியலார் அயோடின் எண் என்ற அளவை வைத்திருக்கிறார்கள். எண் உயர உயரப் பிசினாகும் இயல்பும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு இது சுமார் 6 முதல் 10. பாமாயிலுக்கு 50-ஐ ஒட்டி. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் 120-க்கு மேல். வண்ணப்பூச்சில் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். நாங்கள் பாமாயிலிலிருந்து சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிய பிறகு கல்லின் ஓரம் ஏன் விரைவாகப் பிசுபிசுத்தது என்பது இந்த எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாம் காரணம், மாவு. தோசைத் துணுக்கு, பரோட்டா மாவு, மீனில் தடவிய மசாலா, வெங்காயம், முட்டைச் சிதறல் எல்லாம் வாய்க்காலில் இறங்கும். மாவு சூட்டில் கூழாகி, எண்ணெயோடு சேர்ந்து பசையாகிறது. சுவரொட்டி ஒட்டும் பசைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மூன்றாம் காரணம், கெட்டிக் கொழுப்பு. வனஸ்பதி, நெய், ஆட்டுக் கொழுப்பு ஆகியவை நம் ஊர்ச் சூட்டிலேயே இறுகக்கூடியவை. ஆட்டுக் கொழுப்பு இளக 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கல் ஆறியதும் அது துளையிலேயே நின்றுவிடும்.

பிசின் துளையைக் குறுக்குகிறது, மாவு அதை நிரப்புகிறது, கெட்டிக் கொழுப்பு முத்திரை வைக்கிறது. மூன்றையும் வெல்லும் நேரம் ஒன்றே: கல் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம்.

3. அன்றாடம் செய்ய வேண்டியவை

கடையை மூடும்போது மொத்தம் பத்து நிமிட வேலை.

(அ) அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். கல்லில் தெளித்த நீர் பொரியாமல் மெல்ல ஆவியாகும் நிலை வரும்வரை காத்திருங்கள். கொதிக்கும் கல்லில் துளையைத் தொடக்கூடாது, முற்றும் ஆறவும் விடக்கூடாது. சூடான கல்லில் ஒரேயடியாகக் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. தகடு வளையும், வார்ப்பிரும்பானால் வெடிக்கும்.

(ஆ) சுரண்டியால் கல்லின் முகத்தில் உள்ளதை வாய்க்காலுக்குத் தள்ளாதீர்கள். ஒரு முறத்திலோ பழைய தட்டிலோ வாரி எடுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். நானும் செய்தேன். வாய்க்கால் எண்ணெய்க்குரிய வழி, குப்பைக்கு உரியதன்று.

(இ) வாய்க்காலில் கிடப்பதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளாலோ தேங்காய் நாராலோ துடையுங்கள். நம் தீவில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை.

(ஈ) துளைக்குள் கம்பியை விட்டு மேலும் கீழும் பலமுறை ஓட்டுங்கள். தென்னை ஈர்க்குகளைத் துளைக்குத் தக்க தடிமனில் இறுகக் கட்டிய சிறு கட்டு இன்னும் நல்லது. கம்பி வழி திறக்கும், ஈர்க்குக் கட்டு சுவரைத் துடைக்கும். ஈர்க்குக் கட்டை வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

(உ) எண்ணெய்த் தட்டை வெளியே எடுத்து முழுவதும் காலி செய்யுங்கள். பாதிதானே இருக்கிறது என்று விடாதீர்கள். பர்னருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய் ஒவ்வொரு நாளும் ஓர் எரிபொருள் பாத்திரம்.

(ஊ) கடைசியாக ஒரு கரண்டி வெந்நீரைத் துளைக்கு நேரே ஊற்றிப் பாருங்கள். தட்டில் தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

முதலில் துடைத்து, பிறகே கழுவ வேண்டும் என்பதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. தனிக்காரி அணையை நம்பி இருக்கும் நமக்குக் கோடையில் தண்ணீர் முறை வைத்து வருவதை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். பிசுக்கைத் துடைக்காமல் கழுவினால் ஐந்து வாளித் தண்ணீர் போதாது. துடைத்துவிட்டுக் கழுவினால் ஒரு வாளியே மிஞ்சும்.

4. வாரமும் மாதமும் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை துளையின் கீழ்க்குழாயைக் கழற்ற முடிந்தால் கழற்றி, சாம்பலும் வெந்நீரும் கலந்து ஊறவைத்துத் தேயுங்கள். நம் தாய்மார்கள் பாத்திரத்தைச் சாம்பலால் துலக்கியது ஏழ்மையால் மட்டுமன்று. மரச்சாம்பலில் காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேரும்போது சிறிதளவு சோப்பாகவே மாறி அழுக்கைத் தூக்குகிறது. சாம்பல் கிடைக்காத வீடுகளில் சலவைச் சோடா அதே வேலையைச் செய்யும். அலுமினியப் பாகங்களில் மட்டும் சோடாவைப் போடாதீர்கள், அது உலோகத்தை அரிக்கும்.

மாதம் ஒருமுறை கல்லின் சாய்வைச் சோதியுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் போதும். அதுவும் இல்லையென்றால், ஆறிய கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நம் கடற்காற்றில் அடுப்பின் இரும்புக் கால்கள் துருவேறி அடி தேய்ந்துவிடுகின்றன. ஒரு கால் தாழ்ந்தாலும் எண்ணெய் துளையை விட்டு எதிர்முனைக்கு ஓடும். துளை சுத்தமாகவே இருக்கும், எண்ணெய் மட்டும் தேங்கும். தாழ்ந்த காலுக்கு அடியில் ஓர் இரும்புத் தகட்டை வைத்தால் தீர்ந்தது.

5. செய்யக்கூடாதவை

கொதிநீரை மட்டும் ஊற்றி அடைப்பை நீக்க முயலாதீர்கள். கொதிநீர் கொழுப்பை இளக்கிச் சில அடி தூரம் தள்ளிவைக்கும். எட்டும் இடத்தில் இருந்த அடைப்பு எட்டாத இடத்துக்குப் போகும்.

காஸ்டிக் சோடாவைக் கல்லின் துளையில் போடாதீர்கள். அது கண்ணையும் தோலையும் அரிக்கும். மிச்சம் உணவிலும் சேரலாம். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். சின்ன அடுப்படியில் அது உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் துடைத்த துணிகளையும் எண்ணெய் ஊறிய மரத்தூளையும் சூட்டோடு குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் பிசினாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதைப் பலர் அறியார். குவியலின் நடுவில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளக்கூடும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

6. மூன்றடிக்கு அப்பால்

தட்டில் சேர்ந்த எண்ணெயை என்ன செய்வது? பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றுவதுதான் எளிது என்று தோன்றும். ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. செப்டிக் டேங்கில் அது மேலே ஏடாக மிதக்கும். ஏடு தடித்ததும் ஒரு பகுதி தண்ணீரோடு வெளியேறி, உறிஞ்சு குழியின் மண் துளைகளை அடைக்கும். ஆண்டில் பல மாதங்கள் மழை கொட்டும் ஊரில், ஏற்கெனவே ஈரம் நிறைந்த மண் அதற்கு மேல் எதையும் குடிக்காது. கழிவுநீர் பின்னோக்கி வந்து கொல்லையில் நிற்கும். திறந்த சாக்கடையில் விட்டாலோ, அது மழையோடு கடலுக்குத்தான் போகும். நாம் மீன் வாங்கும் கடலும் அதுதான்.

பாதாளச் சாக்கடை உள்ள பெருநகரங்களில் நிலைமை இன்னும் மோசம். எண்ணெயில் பிரியும் கொழுப்பு அமிலம் காங்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கெட்டிச் சோப்பாகிவிடுகிறது. 2017 செப்டம்பரில் லண்டன் நகரின் ஒயிட்சேப்பல் பகுதியில் சாக்கடைக்குள் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டார்கள். நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். துடைப்புத் துணிகளும் குழந்தைகளின் அணையாடைகளும் அதில் சிக்கிக் கிடந்தன. அதை வெட்டி எடுக்கப் பல வாரங்கள் ஆயின. பின்னர் அதன் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதில் ஒரு பகுதி, ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் "கொஞ்சந்தானே" என்று ஊற்றியது.

நம் நாட்டில் அந்தக் கொழுப்பை அள்ளுவது யார்? அடைப்பு எடுக்க இறங்கும் துப்புரவுத் தொழிலாளி. மூடிய தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இவ்வாறு இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வரலாம், ஆள் வருவாரா? நான் "நாளைக்கு" என்று தள்ளியது என் வீட்டுப் பிள்ளையின் கையில் விழுந்தது. நாம் தொட்டியில் ஊற்றுவது நமக்குப் பெயர் தெரியாத ஒருவரின் தலையில் விழுகிறது. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஆறிய எண்ணெயை வடிகட்டி மூடியுள்ள டப்பாவில் சேருங்கள். வீட்டில் அரைக் கரண்டி மிஞ்சினால் பழைய காகிதத்தில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். அதிகம் சேர்ந்தால் மறுபயன்பாட்டுக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயன்படுத்திய எண்ணெயை உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது.

கடை வைத்திருப்பவர்கள் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் ஒரு பிசுக்குத் தொட்டி கட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதன் அடியில் மட்டும் வழி. எண்ணெய் மேலே மிதந்து முதல் அறையிலேயே நிற்கும், தண்ணீர் அடிவழியாகப் போய்விடும். மிதக்கும் ஏடும் அடியில் தங்கிய மண்டியும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால்வாசியை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும். அள்ளாத தொட்டி இருந்தும் பயனில்லை.

7. தீப்பிடித்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் எரிவாயுவை மூடுங்கள். எரியும் தட்டையோ வாணலியையோ இழுக்காதீர்கள், தூக்காதீர்கள். பெரிய உலோக மூடியால் மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயின் அடிக்குப் போய், நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை வீடெங்கும் வீசும். தீ கைமீறினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

கை சுட்டுவிட்டால் தண்ணீர்தான் மருந்து. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை, நெய் எதுவும் வேண்டாம். என் மருமகன் கையில் நல்லெண்ணத்தோடு ஒருவர் பற்பசையைத் தடவிவிட்டார். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் அவன் அலறினான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன்.

8. பிள்ளைகளோடு செய்து பார்க்க

ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீரும் இரண்டு கரண்டி எண்ணெயும் விட்டுக் குலுக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். பிசுக்குத் தொட்டி வேலை செய்வது இப்படித்தான். இப்போது ஒரு கரண்டி பாத்திரச் சோப்பு நீரைச் சேர்த்துக் குலுக்குங்கள். எண்ணெய் பால் போலக் கலந்து, பிரிய நெடுநேரமாகும். எண்ணெய்ப் பாத்திரத்தைத் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவினால் எண்ணெய் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் குழாயில் இறங்குகிறது என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து தாமே கண்டுகொள்வார்கள்.

பிறகு இந்த மூன்று கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். எண்ணெய் உறையாத ஊரிலும் துளை ஏன் அடைக்கிறது? தோசைக்கல்லுக்கு நன்மை செய்யும் அதே மாற்றம் துளைக்கு ஏன் தீமை செய்கிறது? நம் வீட்டில் மிஞ்சும் எண்ணெய் இப்போது எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை இந்தக் கட்டுரையில் இல்லை. உங்கள் அடுப்படியில் இருக்கிறது.

நிறைவாக ஒன்று. என் மருமகன் இப்போது மாயாபந்தரில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தேன். இரவு கடையை மூடிச் சாப்பிட உட்கார்ந்தோம். வேலைக்கு இருக்கும் பையன், "அண்ணே, ஓட்டையைக் காலையில குத்திக்கலாமா?" என்று கேட்டான். மருமகன் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், ஈர்க்குக் கட்டை எடுத்து, தானே குத்தி, வெந்நீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அடுப்பின் அடித்தட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அடுப்பு அணைந்து ஆறியிருக்கும்போது.